சுண்டு வைத்த சிவப்புக் கோடு

சுண்டு, உன் நம்பரிலிருந்துதான் போன் வந்தது. மணி எட்டரை இருக்கும். நான் கம்பெனியில் உட்கார்ந்து திருகாணிகளை எண்ணிக் கவரில் போட்டுக்கொண்டிருந்தேன். எடுத்த எடுப்பில், "இன்னாடி, இன்னிக்கும் ட்ரெயின உட்டுட்டியா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் உன் நாத்தனார். "அக்கா, அண்ணி போயிட்டாங்க" என்றாள். எங்கே போயிட்டாங்க என்று கேட்டேன். எனக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றியது. அண்ணனூர் ஸ்டேஷன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். பிறகு எழுந்திருக்கவே இல்லையாம்.

சுண்டுவின் முப்பதாம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் போட்டு அவள் வீட்டில் கொடுக்கலாம் என்று கம்பெனியில் பேசி முடிவு செய்திருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னீர்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், சுருக்கி எழுத எனக்கு வராது. செத்தவள் மேல் பழி போட்டவள் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு ஓடுவதும் எனக்குத் தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன். புத்தகத்தில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

சுந்தரியும் நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். மிதிக்கிற சைக்கிளுக்கு மோட்டாரும் பேட்டரியும் வைத்துக் கரண்ட் வண்டியாக மாற்றிக் கொடுக்கிற கம்பெனி. எங்கள் இரண்டு பேருக்கும் பிரேக் கட்-ஆஃப் வேலையைக் கொடுத்தார்கள். பிரேக் பிடியில் ஒரு குட்டிக் காந்தத்தை ஒட்ட வேண்டும். அதற்கு எதிரே சென்சாரைக் கட்ட வேண்டும். பிடியை இழுத்ததும் காந்தம் விலகும், மோட்டாருக்குக் கரண்ட் நின்றுவிடும். வலது கையில் ஆக்சிலேட்டர் இருக்கிறது. பயந்துபோனால் அதை விடுவதற்கு மறந்துவிடுவார்கள். இடது கை பிரேக்கைப் பிடிக்கும், மோட்டாரோ தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் ஆளைக் காப்பாற்றுவது இந்தக் கட்-ஆஃப் ஒன்றுதான்.

சேர்ந்த புதிதில் நான் பிடியை முழுக் கையால் இழுத்து, மோட்டார் நின்றதும் சரி என்று சொல்லிவிடுவேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "நீ இன்னா கெணத்துல தண்ணியா எறைக்கிற? ஓட்டறவங்கல்லாம் பயில்வானா? சுண்டு விரலால தொட்டா நிக்கணும்" என்றாள். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஆக்சிலேட்டரைக் கொடுத்து, பிடியைச் சுண்டு விரலால் லேசாகத் தொட்டாள். சக்கரத்தின் சத்தம் சட்டென்று அடங்கியது. அன்றிலிருந்து நான் அவளைச் சுண்டு என்றே கூப்பிட்டேன். நீங்கள் எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தீர்கள்.

ஒரு நாள் அனுப்ப வேண்டிய வண்டிகள் நிறைய நின்றுவிட்டன. சூப்பர்வைசர் சார் வந்து, "ரெண்டு பிரேக்கையும் சேத்துப் புடிச்சுப் பாத்துட்டு அனுப்புங்கம்மா, பாதி நேரம் மிச்சம்" என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். சுண்டு எழுந்து நின்றாள். "சார், ரெண்டையும் சேத்துப் புடிச்சா ஒண்ணு பொய் சொல்லும், இன்னொண்ணு அத்த மறைக்கும். ஒண்ணொண்ணாத்தான் பாப்போம். உங்களுக்கு அவசரம்னா நீங்க ஊட்டுக்குப் போங்க" என்றாள். சார் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவள் சொன்னது சரிதான். ஒரு பக்கத்துச் சென்சார் வேலை செய்தால் போதும், மோட்டார் நின்றுவிடும். அடுத்த பக்கம் செத்துக் கிடந்தாலும் தெரியாது.

பார்த்து முடித்த வண்டிக்கு அடையாளம் வேண்டும் என்று நெயில் பாலிஷ் யோசனையைச் சொன்னதும் அவள்தான். காந்தத்தின் மேலும் பிடியின் மேலும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிட்டால், காந்தம் நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். யார் பார்த்த வண்டி என்பதும் தெரிந்துவிடும். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் ஆளுக்கு ஒரு பாட்டில் வாங்கினோம். அவள் நீலம் எடுத்துக்கொண்டாள். "கல்யாணப் பொண்ணு கலரு உனக்கு" என்று சிவப்பை என் கையில் திணித்தாள். எனக்குப் பெயர் எழுதவே நேரம் பிடிக்கும். அந்தச் சிவப்புதான் எனக்குக் கையெழுத்து.

பொங்கல் கழிந்து ஒரு வண்டி திரும்பி வந்தது. பட்டாபிராமில் வீடு வீடாக மாவு பாக்கெட் போடுகிற ஓர் அம்மாவின் வண்டி. வேகத்தடைக்கு முன்னால் இடது பிரேக்கைப் பிடித்திருக்கிறார். மோட்டார் நிற்கவில்லை. கீழே விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. சார் எங்கள் மேஜை முன்னால் வண்டியை நிறுத்திப் பிடியைக் காட்டினார். சிவப்புக் கோடு. "மாலா, இது யாரு பாத்த வண்டி?" என்றார். கோட்டைப் பார்த்தேன், "நான்தான் சார்" என்றேன். வேறு எதையும் யோசிக்கவில்லை. சுண்டு எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். கையில் காந்தத்தை வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றே என்னைச் சோதனையிலிருந்து எடுத்துத் திருகாணி பாக்கெட் போடுகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். மதியம் சோறு இறங்கவில்லை. சுண்டு தன் டப்பாவிலிருந்து வறுத்த மீனை எடுத்து என் சோற்றில் வைத்தாள். "உடுடி. வேணும்னா செஞ்ச? யாருக்கும் வரும்" என்றாள். அப்புறம் தினமும் எனக்கும் சேர்த்தே குழம்பு கொண்டுவந்தாள். இவளைப் போல ஒருத்தி கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் யாராவது அந்தக் கரண்ட் சைக்கிளில் போனால், அதன் பிரேக் பிடியைப் பார்க்கப் பயந்து தலையைத் திருப்பிக்கொள்வேன். ஒருத்தர் கையை உடைத்தவள் நான் என்று நினைத்துக்கொண்டே நான்கு மாதம் தூங்கி எழுந்தேன்.

அவள் போன பத்தாம் நாள், கம்பெனியில் இருந்த அவளுடைய சாமான் பெட்டியை வீட்டில் சேர்ப்பதற்காக நான்தான் எடுத்து அடுக்கினேன். சீப்பு, தலைவலித் தைலம், ஸ்பேனர், நீலப் பாட்டில். நீலம் பாதிக்கு மேல் இருந்தது, காயவும் இல்லை. அதற்கு அடியில் துணியில் சுற்றி ஒரு சிவப்புப் பாட்டில். என்னுடையது என் டிராயரில் இருந்தது. இது வேறு. அதே கடை, அதே சிவப்பு, பாதி தீர்ந்திருந்தது.

சார் மேஜைக்குப் போய், மாவுக்கார அம்மா வண்டியின் நம்பரும் சோதித்த தேதியும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கினேன். நம்பரும் தேதியும் எனக்குப் படிக்க வரும். ஆனால் வண்டி திரும்பி வந்த அன்றைக்குப் படித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. அந்த வண்டியைச் சோதித்த தேதியில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. நான் லீவு போட்டுவிட்டுத் திருவேற்காட்டில் இருந்தேன்.

அவளுக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மாமனார் படுத்த படுக்கை. நான்கு மணிக்கெல்லாம் கிளம்பியாக வேண்டும். கிளம்புகிற அவசரத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்திருப்பாள். சார் கேட்டபோது மாட்டேன் என்று சொன்னவளே அதைச் செய்திருக்கிறாள். சரி, மனுஷிதானே. என்னிடம் சொல்லியிருந்தால் அவள் பங்கையும் நானே உட்கார்ந்து பார்த்திருப்பேன். கோடு போடாமல் விட்டிருக்கலாம், நீலத்தைப் போட்டிருக்கலாம். தனியாக ஒரு சிவப்பு வாங்கி, துணியில் சுற்றி வைத்திருக்கிறாளே.

இதை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன். போனவளின் பெயரைக் கெடுத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் பாட்டிலில் பாதி தீர்ந்திருக்கிறதே. ஒரு வண்டிக்கு ஒரு பொட்டுத்தான் ஆகும். அப்படியானால் எத்தனை வண்டி ரோட்டில் ஓடுகிறது? சாரிடம் இரண்டு பாட்டிலையும் வைத்தேன். "சிவப்பு போட்ட வண்டி அத்தனையும் கூப்பிடணும் சார்" என்றேன்.

வயர் பற்றவைக்கிற கோமதி அக்கா சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார். "அவ ஒடம்பு எரிஞ்ச சூடு கூட ஆறல. உன் எடத்த வாங்க அவ மேல பழி போடுறியா? அவ வச்ச கொழம்பத் துன்னவதான நீ?"

"துன்னேன்க்கா. அதான் வலிக்குது" என்றேன்.

"செத்தவ வந்து பதில் சொல்லுவாளா?"

"உசுரோட இருந்தப்பவே சொல்லலியேக்கா."

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். இன்றுவரை என்னோடு பேசவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேறு யாராவது வந்து சுண்டுவைப் பற்றி இப்படிச் சொல்லியிருந்தால் நானும் அக்காவைப் போலத்தான் சண்டைக்குப் போயிருப்பேன்.

வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. பார்க்க ஆள் இல்லை என்று என்னையே மறுபடியும் சோதனையில் உட்கார வைத்தார்கள். என் மேல் இருந்த பழி நீங்கியதால் கிடைத்த இடம் இல்லை, அவள் போனதால் காலியான இடம். இடது, வலது என்று ஒன்றொன்றாகப் பார்த்தேன். நான்கு வண்டியில் இடது பக்கம் நிற்கவில்லை. மற்றவை நன்றாகவே இருந்தன. அவற்றில் எது நான் போட்ட சிவப்பு, எது அவள் போட்ட சிவப்பு என்று எனக்கே தெரியவில்லை. அத்தனை நேராக, அத்தனை மெல்லிசாக, என்னைப் போலவே இழுத்திருக்கிறாள்.

இதையெல்லாம் கூடத் தாங்கிக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அது வண்டி திரும்பி வந்த அடுத்த ஞாயிறு. மாவுக்கார அம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். "தனியா போவாத, நானும் வர்றேன்" என்று சுண்டு கிளம்பினாள். வாழைப்பழம் கூட அவள்தான் வாங்கினாள். பட்டாபிராமில் சின்ன வீடு. அந்த அம்மா மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் கீழே உட்கார்ந்து அவர் காலைத் தொட்டேன். "நான் பாத்து அனுப்பின வண்டிம்மா. என் தப்பு" என்றேன். அவர், "அய்ய, எந்திரிம்மா. வேணும்னா செஞ்ச? கைதானே, கூடிடும்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினேன். சுண்டு ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள். ஒரு கால் நிலைப்படிக்கு உள்ளே இருந்தது. "அம்மா..." என்று ஆரம்பித்தாள். "உள்ள வாம்மா" என்று அவரும் கூப்பிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "இல்ல, ட்ரெயினுக்கு நேரமாச்சு" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். திரும்பி வரும்போது அண்ணனூர் வரும்வரை என் கையை விடவில்லை. எனக்கு ஆறுதலுக்காகப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று அந்தச் சிவப்புப் பாட்டில். பெட்டியை நாத்தனாரிடம் கொடுக்கும்போது அதை மட்டும் கொடுக்கவில்லை. இன்னொன்று, ஒன்றொன்றாகப் பார் என்று அவள் சொன்னது. அவள் என்னிடம் உண்மையாக இல்லை, ஆனால் அந்தப் பேச்சு உண்மை. அதை விட்டுவிட என்னால் முடியாது. அவளுக்காக அழவும் செய்கிறேன், அவள் மேல் எரிந்து விழவும் செய்கிறேன். இரண்டும் ஒரே நாளில் வருகிறது.

அன்றைக்கு அந்த அம்மா வீட்டில் நீ உள்ளே வந்து சொல்லியிருந்தால் அங்கேயே உன்னை அடித்திருப்பேன். அப்புறம் இரண்டு பேருமாக ஒரே ட்ரெயினில் திரும்பி வந்திருப்போம். சொல்லத்தான் அந்த ஒரு செருப்பைக் கழற்றினாயா, சுண்டு?