ஆளானதும் நிறுத்திய மாத்திரை

போன வாரம் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். நான், என் நாத்தனார் செல்வி, அவள் மகள் பவித்ரா. தைராய்டு மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார் டாக்டர்.

செல்வி கொஞ்சமும் தயங்கவில்லை. "அதான் புள்ள ஆளாயிட்டாளே டாக்டர்... இனிமே எதுக்குன்னு நாங்களே நிப்பாட்டிட்டோம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பவித்ரா சின்னதிலிருந்தே குள்ளம். பதினாறு வயதாகியும் வயதுக்கு வரவில்லை. டெஸ்ட் எடுத்தபோது டர்னர் சிண்ட்ரோம் என்றார்கள் - பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்கும்; இவளுக்கு ஒன்றுதான். யார் செய்த தப்பும் இல்லை. இப்படிப் பிறந்தவர்களில் நிறையப் பேருக்குத் தைராய்டும் மந்தமாகிவிடுமாம். இவளுக்கும் ஆகியிருந்தது. ஆக, ஹார்மோனுக்கு ஒரு மாத்திரை, தைராய்டுக்கு ஒரு மாத்திரை.

மாத்திரை வேலை செய்தது. அதுதான் வினையாகப் போனது.

மாதவிடாய் வந்ததும் கோச்சடையில் மண்டபம் பிடித்துச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் என் வீட்டுக்காரர்தான். மேளதாளத்தோடு சீர் கொண்டுபோனோம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து கூடை கூடையாகப் பூ. மகளுக்கு ஒரு குறையும் இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்லியாயிற்று. அதற்கப்புறம் வீட்டில் மாத்திரை இருக்கலாமா? இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் போட்டாள் செல்வி.

வந்த மாதவிடாய் நின்றுபோனது. வெளியே சொல்ல முடியுமா? சடங்குதான் முடிந்துவிட்டதே...

பவித்ரா தூங்க ஆரம்பித்தாள். காலேஜில் தூக்கம், பஸ்ஸில் தூக்கம். மதுரை வெயிலில் குளிருகிறது என்று போர்வை கேட்டாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. முகம் வீங்கியது. சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? சடங்கு முடிந்த பிள்ளை, பூசினாற்போல அழகாகிவிட்டாள் என்றார்கள். செல்விக்குப் பெருமை தாங்கவில்லை. செமஸ்டர் பரீட்சையில் மயங்கி விழுந்த பிறகுதான் டாக்டரிடம் வந்தோம்.

அவர் பொறுமையாகவே சொன்னார். மாதவிடாய் வந்ததே மாத்திரையால்தான். தைராய்டு மாத்திரையை ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டும். இப்படியே விட்டால் இதயம் வரைக்கும் பாதிக்கும். செல்வி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நானும் நம்பிவிட்டேன்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். புது மாத்திரை பிரிக்கப்படாமல் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சத்தம் போட்டேன்.

"பொண்ணு பாக்க வாரவங்க கண்ணுல பட்டா என்ன ஆகும் மதினி? கல்யாணம் முடியட்டும். அப்புறம் போட்டுக்கிடலாம்" என்றாள் செல்வி.

மகளை அழவைக்க நினைக்கிற தாய் இல்லை அவள். மகளுக்கு முடி சீவிவிட்டுக்கொண்டேதான் இதைச் சொன்னாள். அந்தப் பாசத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

பவித்ராவைப் பார்த்தேன். நீயாவது கேளேன் என்றேன்.

"விடுங்க அத்தை. தூங்குனா ஒண்ணும் தெரியமாட்டேங்குது."

இருபது வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? மாப்பிள்ளை வீட்டார் எப்போது வருகிறார்கள் என்று செல்வியிடம் கேட்டேன். வந்து போகட்டும், மறுநாளே நானே மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

"இன்னும் யாரும் வரல மதினி. ஜாதகத்தையே இப்பத்தான் வெளியே குடுத்திருக்கேன்."

வராத மாப்பிள்ளைக்காக, இருக்கிற பிள்ளையைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்!