சகலையின் ஏரியும் என் ஏரியும்

என் சகலைக்கு ஓர் ஏரி இருந்தது. யாரும் அவருக்குப் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் அவர் பேசுகிற தோரணையில் அப்படித்தான் தோன்றும். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். ஏற்காட்டில் ஏரியை ஒட்டிய பூங்காவில் மேற்பார்வையாளர். "நம்ம ஏரியில இப்ப ஒரே மூடுபனிங்க சகலை. எதிர்ல படகு வந்தாக்கூடத் தெரியாது" என்பார். நம்ம ஏரியாம். நானும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டினேன். "நம்ம லேத்து" என்று ஒரு நாளாவது சொல்லியிருப்பேனா?

ஊர் உலகத்தில் சகலையின் சம்பளத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். எனக்கு அவருடைய தட்பவெப்பத்தைப் பார்த்து வயிறு எரிந்தது. சம்பளத்தில் நான்தான் ஒரு படி மேல், ஓவர்டைம் வேறு. அதை வைத்துக்கொண்டு மேகத்தை வாங்க முடியுமா? கோடையில் அவருக்கு மலர்க் கண்காட்சி, எனக்கு வேர்க்குரு. ஆடியில் அவருக்குச் சாரல், எனக்குக் கண் நிறையப் புழுதி. ஐப்பசியில் அவர் மேகத்துக்குள் நடந்து வேலைக்குப் போவார். நான் குவார்ட்டர்ஸ் வாசலில் தேங்கிய தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்தபடி நடப்பேன். மார்கழிக் காலையில் அவருடைய ஏரியின் மேல் ஆவி பறக்குமாம். எங்கள் வீட்டில் இட்லிப் பானையில்தான் பறக்கும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

எங்களுக்கும் ஏரி உண்டு. குவார்ட்டர்ஸ் மதிலைத் தாண்டினால் கரை வந்துவிடும். மழைக்காலத்தில் ததும்பும். மாசியில் சேறாகும். பங்குனியில் அப்பளம் போல வெடிக்கும். அப்புறம் அதற்குள் மாடு மேயும், பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். ஏரிக்குள் பந்து பொறுக்கப் போன பையன் கால் நனையாமல், சட்டையில் புழுதியோடு வீடு திரும்புவது எங்கள் ஊரில்தான் நடக்கும்.

ஒவ்வொரு முழுப் பரீட்சை லீவுக்கும் என் மனைவியும் மகளும் ஏற்காட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு லீவு கிடைக்காது. கேன்டீன் சாம்பாரைக் குடித்துக்கொண்டு இங்கேயே கிடப்பேன். மகள் நாலாவது முடித்த வருஷம் திரும்பி வந்தபோது பெரியப்பா வாங்கிக் கொடுத்த அரக்கு நிற ஸ்வெட்டரோடு ரயிலிலிருந்து இறங்கினாள். அக்கினி நட்சத்திரம். கழுத்தெல்லாம் வேர்க்குரு பூத்தும் கழற்ற மாட்டேன் என்றாள். சாயங்காலம் கரைமேல் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, இது ஏரியே இல்ல, குட்டை" என்று தீர்ப்பும் சொன்னாள்.

கூடவே இன்னொரு சேதியும் வந்தது. சகலைக்குக் குழந்தை இல்லை. அஞ்சாவது முடிந்ததும் பாப்பாவைத் தன்னிடமே விட்டுவிடச் சொன்னாராம். அங்கே நல்ல கான்வென்ட் இருக்கிறதாம், ஆறாவதில் சேர்த்துவிடலாமாம்.

"நீ என்ன சொன்ன?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நான் என்னத்த சொல்ல? அவகிட்டயே கேட்டாரு. அவ எப்ப, எப்பன்னு குதிக்கிறா."

"போனா வருஷம் பூரா வரமாட்டா தெரியுமில்ல?"

"ஏன், லீவுக்கு வருவா" என்றாள் மனைவி. லீவுக்கு! என் மகள் என் வீட்டுக்கு லீவுக்கு வருவாளாம். அன்று ராத்திரி ரசம் சாதம்கூட எனக்கு நெஞ்சைக் கரித்தது.

ஆக, எனக்கு ஒரு வருஷம் அவகாசம் இருந்தது. அதற்குள் எங்கள் குட்டையை ஏற்காட்டுக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும்.

மழை வந்தது, ஏரி நிறைந்தது. படகு விடுவது என்று தீர்மானித்தேன். கரையோரம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவரிடம் இரண்டு பழைய லாரி டியூப்பைக் கேட்டு வாங்கினேன். பஞ்சர் ஒட்டுவதும் அவரே. குவார்ட்டர்ஸில் கட்டில், மேசை, பூஜை அலமாரி எல்லாமே தொழிற்சாலைக்குச் சாமான் வந்த பேக்கிங் பெட்டிப் பலகையில் செய்ததுதான். மிச்சமிருந்த பலகையை டியூப்புகளின் மேல் கட்டினேன். மகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். நான் மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளினேன். தெப்பம் சுற்றியது. மறுபடி தள்ளினேன், மறுபக்கமாகச் சுற்றியது. கழுத்தைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த எருமைகள் எங்களைப் பார்க்க முகத்தைத் திருப்பித் திருப்பி அலுத்துப்போயின.

"இன்னா சார், கெரகம் சுத்தறியா?" கரையிலிருந்து கடைக்காரர் குரல் கொடுத்தார். "அம்மாம்பெரிய வண்டியெல்லாம் செய்ற ஆளு நீ. ரெண்டு டியூபு ஓட்டத் தெர்லியே நைனா!"

ரோஷம் வந்து கழியை ஓங்கி ஊன்றினேன். கழி சேற்றில் மாட்டிக்கொண்டது. தெப்பம் இப்போதுதான் நேராகப் போக ஆரம்பித்தது, நான் இல்லாமல். கழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அய்யோ, கொழந்த, கொழந்த!" என்று கத்தியபடி தண்ணீரில் விழுந்தேன். விழுந்து எழுந்தால் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நடந்தே போய்த் தெப்பத்தைப் பிடித்து இழுத்து வந்தேன்.

மகள் சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது. "பெரியப்பா ஏரியில போட்டுக்குப் பெடல் இருக்கும்ப்பா. மிதிச்சா அதுவே போகும்" என்று பரிதாபப்பட்டுச் சொன்னாள்.

மாசியில் தண்ணீர் போயிற்று, என் யோசனைகளும் அதோடு வற்றிப்போயின. ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் கரையில் சும்மா உட்கார்ந்திருந்தோம். கடைக்காரருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. குட்டை சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பாப்பாக்குப் பெடலுதானே வோணும்? இந்தா, இத்த மெதிக்கச் சொல்லு. உள்ள எறங்குனா மரமும் இல்ல, லாரியும் இல்ல. உழுந்தா மண்ணு, அவ்ளோதான்."

தினமும் ஷிப்டு முடிந்து வந்து, கேரியரைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன். "உட்றாதப்பா, உட்றாதப்பா" என்பாள். வெடித்த மண்ணில் ஓடி ஓடி எனக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மூச்சு வாங்கிக் கையை விட்டுவிட்டேன். அவள் போய்க்கொண்டே இருந்தாள். இதெல்லாம் ஏற்காட்டுக்குப் போட்டி என்று நான் நினைக்கவில்லை. தோற்றவன் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் கமர்கட் மாதிரி அது.

மே மாதம் அவளை அழைத்துப் போகச் சகலையே நேரில் வந்தார். ஒரு பை காப்பிக்கொட்டை, ஒரு தைலப் பாட்டில், கையில் மடித்த ஸ்வெட்டர், முகத்தில் அந்தப் பாழாய்ப்போன நிம்மதி. அவளுக்குப் புதுப் பெட்டி வேறு. மனைவி அன்றே துணியெல்லாம் அதில் அடுக்கிவிட்டாள். சாயங்காலம் காற்றாட வெளியே போகலாம் என்றார். கரைமேல் ஏறினோம்.

"எங்கீங்க சகலை உங்க ஏரி?"

"இதுதான்."

உள்ளே பார்த்தார். பன்னிரண்டாம் நம்பர் பிளாக் பையன்கள் எல்பிடபிள்யூவுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "தண்ணி?"

"ஐப்பசியில வரும்."

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு அப்படியே வெடிப்புக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. அதற்குள் என் மகள் கீழே மணியடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் முன்னால் ஒரு வட்டம் போட்டாள், ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டினாள். சகலையின் சிரிப்பு நின்றது. அவள் ஏரியின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பும்வரை இமைக்காமல் பார்த்தார்.

"நீங்களும் ஓட்டுங்க பெரியப்பா!"

"எனக்கு வராதும்மா."

"சைக்கிளா? சைக்கிளா வராது?" என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

"எங்கூர்ல எங்கீங்க ஓட்டறது? ஏறும்போது தள்ளணும், எறங்கும்போது சாமியக் கும்புடணும். நான் கத்துக்கவே இல்லீங்க."

இந்த மனுஷனுக்கும் ஒன்று இல்லை! சந்தோஷத்தில் நானே ஓடிப்போய் கடையிலிருந்து பெரிய சைக்கிளை எடுத்து வந்தேன். பின்னால் பிடித்துத் தள்ளி, பாதியில் கையை விட்டு, ஊர் பார்க்க அவர் விழுவதை நின்று ரசிக்கலாம் என்று திட்டம். ஆனால் நான் கேரியரைத் தொடுவதற்குள் மகள் பிடித்துவிட்டாள். "நேராப் பாருங்க பெரியப்பா, கீழ பாக்காதீங்க!" நான் அவளுக்குச் சொன்ன அதே வார்த்தை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "உட்றாத சாமி, உட்றாத சாமி" என்று கூவிக்கொண்டு போனார். அவள் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினாள். என் தெப்பத்தில் ஒரு தரம்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. சகலை விழுந்தார், முட்டி சிராய்த்தது, மண்ணோடு எழுந்து அவரும் சிரித்தார். அவருடைய மூடுபனிக்குக்கூட எனக்கு அவ்வளவு எரிந்ததில்லை.

நாலைந்து நாள் இதே கூத்து, அதற்குள் சகலைக்குத் தனியாக ஓட்ட வந்துவிட்டது. ஊருக்குப் போக முந்தின நாள் மகள் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "பெரியப்பா, அங்க நான் எங்க சைக்கிள் ஓட்டுவேன்?"

பூங்காவுக்குள் ஓட்டலாம், பெரியப்பா ஏற்பாடு செய்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் ஏரித் தண்ணீர்மேல்கூட ஓட்டலாம் என்று புளுகியிருப்பேன்.

"ஓட்ட முடியாதும்மா," என்றார் சகலை.

அவள் இறங்கி, பெட்டியைத் திறந்து, பாவாடை சட்டைகளை எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டேன். சகலை கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் வெகுநேரம் துடைத்தார். பிறகு, "சரி, அப்ப லீவு போட்டு நான் இங்கயே இருக்கறேன், ஜூன் வரைக்கும்" என்றார்.

சொன்னபடியே இருந்தார். அடுத்த மே மாதமும் வந்தார், அதற்கடுத்த மே மாதமும். மூடுபனியையும் சாரலையும் மலையிலேயே விட்டுவிட்டு, கண்ணைக் கரிக்கும் வெயிலில் வந்து, என் மகளோடு ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த முதல் வருஷம், இங்கேயே இருக்கிறேன் என்று அவர் சொன்ன மறுநாள் காலையிலேயே நான் பனியனோடு கடைக்கு ஓடினேன். எனக்கும் ஒரு சைக்கிள் வேண்டும் என்றேன்.

"ரெண்டுதான் சார் நல்ல வண்டி கீது" என்றார் கடைக்காரர். "பாப்பாவும் பெர்ய சாரும் அப்பவே எட்த்துகினு போய்ட்டாங்கோ. நீ வோணா கரை மேல குந்து. வந்தாங்கன்னா கூப்புடறேன்."