நீளமூக்கனின் சத்தம்

நேற்றுக் காலை ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் கையில் பால் பாக்கெட்டோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஹாரன் அலறியது. துள்ளித் திரும்பினால், முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. எப்போது வந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது, ஒன்றும் தெரியாது. பேட்டரி வண்டி. கண்ணாடியை இறக்கிய இளைஞன், "இன்னா சார், காது கேக்கலியா?" என்றான். காது நன்றாகத்தான் கேட்கிறது, உன் வண்டிக்குத்தான் வாய் இல்லை என்று அருமையான பதில் ஒன்று எனக்குத் தோன்றியது. ஆனால் அது தோன்றியபோது நான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் பதில்கள் எப்போதும் அப்படித்தான் வந்து சேரும். அந்தப் பையனின் கேள்வி மட்டும் நாள் முழுக்க விடவில்லை. அதே கேள்வியை நான் பஷீரிடம் கேட்டிருக்க வேண்டும். பல வருடங்களுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

பஷீர் என் சிநேகிதன். முப்பத்தைந்து வருடப் பழக்கம். நாங்கள் சந்தித்தது தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே, மேற்குப் பக்கத்து நடைபாதையில், பழைய புத்தகம் விற்பவரிடம். அவரிடம் எப்போதாவது வெளிநாட்டுக் கார் பத்திரிகை ஒன்று வந்து விழும். வழவழப்பான தாள். பிரித்தால் அச்சு மையும் மழை ஈரமும் கலந்து ஒரு வாசனை வரும். ஒரு நாள் ஒரே பத்திரிகையை நான் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகப் பிடித்து இழுத்தோம். கடைக்காரர் கிழிந்துவிடப் போகிறதே என்று கத்தினார். கடைசியில் இருவரும் சேர்ந்து வாங்கினோம்.

அதிலிருந்து ஒரு வழக்கம் உண்டாயிற்று. படம் அவனுக்கு, எழுத்து எனக்கு. அவனுக்கு ஆங்கிலம் வராது. எனக்குப் படம் ஒட்ட வீட்டில் சுவர் கிடையாது. பிளேடு வைத்து ஒழுங்காக வெட்டிப் பிரித்துக்கொள்வோம். படத்துக்குப் பின்பக்கம் எழுத்து இருந்தால்தான் தகராறு. அந்தத் தாளை நான் ரயிலில் அவசர அவசரமாகப் படித்துவிட்டு, கிண்டியில் அவன் இறங்கும்போது கொடுத்துவிட வேண்டும். அதனால் எத்தனையோ கட்டுரைகளின் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது. எந்தக் கார் எந்தக் காரை ஜெயித்தது என்று தெரியாமலே ரிட்டயரும் ஆகிவிட்டேன்.

நான் பீச் ஸ்டேஷன் வரை போகிற குமாஸ்தா. அவனுக்குக் கிண்டியில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை ஓங்கி அடித்து வளைக்கிற பெரிய மெஷின்கள், ஒரே கூரைக்குக் கீழே எட்டு. ஒரு தடவை வாசலில் நின்று அவனுக்காகக் காத்திருந்தேன். பத்து நிமிடத்தில் என் தலை கிறுகிறுத்தது. காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுப்பார்களாம். அவன் வைத்துக்கொள்ள மாட்டான். "பஞ்சு வெச்சா எது எந்த மெஷினுன்னு தெரியாதுடா. எல்லாம் ஒரே சத்தமா ஆயிடும்" என்றான். அதை நான் பெருமையாகப் பத்துப் பேரிடம் சொல்லித் திரிந்தேன்.

பெருமைப்படாமல் எப்படி இருப்பது? அப்படிப்பட்ட காது அது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் சைக்கிளில் பீர்க்கன்கரணைக்குப் போய்விடுவோம். ஏரிக்கரைப் பக்கம், தெற்கே போகிற ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வோம். வருகிற வண்டியைச் சத்தத்தை வைத்தே சொல்ல வேண்டும். அதுதான் விளையாட்டு. நான் லாரியா பஸ்ஸா என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போதே பஷீர், "விழுப்புரம் பஸ்ஸு. போன வாரம் கிளட்ச்சு மாத்திக்கீறாங்க" என்பான். கண்ணைத் திறந்து போர்டைப் பார்த்தால் விழுப்புரம்தான். கிளட்ச் விஷயத்தை டிரைவரிடம் ஓடிப்போய்க் கேட்கவா முடியும்? நம்பிவிடுவேன்.

நாங்கள் உண்மையில் காத்திருந்தது நீளமூக்கனுக்காக. பெயர் சொன்னால் கம்பெனிக்கு விளம்பரம் ஆகிவிடும். அந்தக் காருக்கு நாங்கள் வைத்த பெயர் இது. ரத்தச் சிவப்பு, இரண்டே இரண்டு இருக்கை, உடம்பில் பாதி மூக்கு. நகரத்திலிருந்து ஒரு பெரியவர் மாதத்தில் ஒரு ஞாயிறு அதைத் தெற்கே ஓட்டிக்கொண்டு போவார். ஒரு முறை எங்களுக்கு எதிரிலேயே இளநீர் குடிக்க நிறுத்தினார். நாங்கள் முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரித்து, "உள்ள உக்காந்து பாக்கறியா தம்பி?" என்று பஷீரைக் கேட்டார். நானாக இருந்தால் அவர் கேட்டு முடிப்பதற்குள் ஏறியிருப்பேன். பஷீர் தலையாட்டி மறுத்துவிட்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க சார். அது போதும்" என்றான். அவர் ஸ்டார்ட் பண்ணினார். இவன் காரின் மூக்கின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். இளநீர்க்காரர்கூட வெட்டுவதை நிறுத்திவிட்டார்.

அன்றிலிருந்து அந்தச் சத்தத்தை அவன் வாயாலேயே போட ஆரம்பித்தான். அடித்தொண்டையில் கரகரவென்று எடுத்து, நெஞ்சு அதிர, கியர் மாறுகிற இடத்தில் ஒரு சின்ன விக்கல் வைத்து மேலே ஏறுவான். அந்த விக்கல்தான் விசேஷம். ரயில் பெட்டியில், என் கல்யாணத்தில், அவன் பெண்ணின் காதுகுத்தில் என்று எங்கே கேட்டாலும் போடுவான். பெரியவர் எப்போது வருவதை நிறுத்தினார் என்று ஞாபகம் இல்லை. கார் யார் கைக்குப் போனதோ, எங்கே துருப்பிடித்ததோ தெரியாது. ஆனால் நீளமூக்கன் போய்விட்டதாக எங்களுக்குத் தோன்றவே இல்லை. கேட்டால் பஷீர் போடுவானே.

இப்போது வாட்ஸ்அப் காலம். தெற்குப் புறநகர்க் கார் பைத்தியங்களுக்கு ஒரு குழு உண்டு. அறுபது பேர். நடத்துகிறவன் கார்த்திக் என்கிற ஐ.டி. பையன். நானும் பஷீரும்தான் அதில் கிழங்கள். அறுபது பேரில் ஒருவரிடமும் நீளமூக்கன் கிடையாது, ஏழு ஜென்மத்துக்கும் வாங்கப்போவதில்லை. நான் என் வாழ்நாளில் எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஓட்டியதில்லை. ஆனாலும் போன வருடம் புது நீளமூக்கன் ஹைபிரிட்டாக வருகிறது என்று செய்தி வந்ததும் குழுவில் இழவு விழுந்தது. எஞ்சினும் உண்டு, பேட்டரி மோட்டாரும் உண்டு. மெதுவாகப் போகும்போது பேட்டரி மட்டும் ஓடும், வேகமெடுத்தால்தான் எஞ்சின் விழிக்கும் என்று கார்த்திக் விளக்கினான். "சிங்கத்தோட தொண்டையை அறுத்துட்டாங்க" என்றார் ஒருவர். "இதுக்கு மிக்ஸி வாங்கலாம்" என்றார் இன்னொருவர். பழசைவிட வேகம் அதிகம் என்று சொன்னவரை எல்லாரும் சேர்ந்து திட்டினார்கள். ஒரு ஆள் தன் படத்தை எடுத்துவிட்டுக் கறுப்புக் கட்டம் வைத்துக்கொண்டார். நானும் என் பங்குக்கு நான்கு பத்தி ஒப்பாரி எழுதினேன். பஷீர் மட்டும் ஒரே வரி போட்டான்: "எஞ்சின் இருக்குல்ல, சத்தம் வரும்."

அந்தக் கார் வேளச்சேரிப் பக்கம் ஒரு மால் வாசலுக்கு மூன்று நாள் காட்சிக்கு வந்தது. சனிக்கிழமை காலை குழுவில் இருபது பேர் போனோம். பஷீரை என் ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் நான் பேசியதற்கு "ஆமாமா, ஆமாமா" என்றே பதில் சொல்லிக்கொண்டு வந்தான். கயிறு கட்டிக் கூட்டத்தை எட்ட நிறுத்தியிருந்தார்கள்; தொட முடியாது. பக்கத்துக் கேட் திறந்தது. புது நீளமூக்கன் வந்தது. பளபளவென்று, அதே சிவப்பு, அதே மூக்கு. துளிச் சத்தம் இல்லை. டயரில் ஒரு கூழாங்கல் நெரிபட்டது, அதுதான் கேட்டது. எங்கள் முகமெல்லாம் தொங்கிப்போயிற்று. அந்த அமைதியில் பஷீர் உரத்த குரலில் சொன்னான்: "அதே சத்தம்டா! மாறவே இல்ல!"

ஒரு நொடிதான். பிறகு இருபது பேரும் வெடித்துச் சிரித்தோம். கை தட்டினோம். கார்த்திக், "பாய், செம கலாய் பாய்!" என்று அவன் தோளைக் கட்டிக்கொண்டான். நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். நாங்கள் நான்கு பத்தி எழுதியும் சொல்ல முடியாததை இவன் ஒரு வரியில் சொல்லிவிட்டானே என்று பூரித்துப்போனேன். பஷீரும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தான்.

திரும்பும்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அவன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"டேய், நெசமா சொல்லு. எப்டி இருந்துச்சு?"

"எது?"

"சத்தம்டா."

கிண்டலைத் தொடர்கிறான் என்று நினைத்தேன். நானும் சளைக்கக் கூடாதல்லவா? முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "இடி மாதிரி இருந்துச்சுடா" என்றேன். என் வாழ்க்கையில் சமயத்துக்கு வந்த ஒரே பதில் அது. அவன் மெல்லத் தலையாட்டினான். டீயைக் கீழே ஊற்றிவிட்டு, போகலாம் என்றான்.

நான்காம் நாள் அவன் மனைவி ஜமீலா போன் செய்தாள்.

"அண்ணா, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? சரியா சாப்பிடவே மாட்டேங்கறாரு. இடி மாதிரி சத்தமாம், அத்தினி பேருக்கும் கேட்டிருக்கு, எனக்கு ஒரு சொட்டுகூட கேக்கலன்னு அதையே சொல்லிகினு இருக்காரு."

காது எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன்.

"ஆறு வருஷமாச்சு அண்ணா. கிட்டக்க நின்னு மூஞ்சப் பாத்துப் பேசினா புரிஞ்சுக்குவாரு. காது மெஷின் வாங்கிக் குடுத்தோம், பீரோவுல கீது. உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னுட்டாரு. காது போச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் அவன் என்னை இன்னாத்துக்குக் கூப்புடுவான்னு கேட்டாரு."

ஆறு வருடம். குழுவில் வரும் ஒலிப்பதிவுகளைக் கேட்காமல் வெறும் கட்டைவிரல் படம் போட்டது, போனில் பேசாமல் எழுதி எழுதி அனுப்பியது, விமானப்படை விமானம் தலைக்கு மேல் போகும்போது நாங்கள் அண்ணாந்த பிறகே அவன் அண்ணாந்தது, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அத்தனையும் என் கண் முன்னால்தான் நடந்தது. என்னைப் போல ஒரு மடையன் இருக்க முடியாது.

அன்றே, இப்போது அவன் குடியிருக்கிற பீர்க்கன்கரணைக்கு ஓடினேன். பஷீர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எதிரில் அமர்ந்து முகத்துக்கு நேராகச் சொன்னேன். வண்டி பேட்டரியில் வந்தது, சத்தமே இல்லை, இடி என்றது வேடிக்கைக்கு. அவன் லேசாகச் சிரித்தான்.

"சமாதானத்துக்குச் சொல்ற."

தாளில் எழுதிக் காட்டினேன். எஞ்சின் இருக்கிறது என்று கார்த்திக்கே போட்டிருக்கிறானே என்றான். குழுவில் வந்த வீடியோவை எடுத்து அவன் கண் முன் பிடித்தேன். பிடித்த பிறகுதான் அதன் அபத்தம் எனக்கே உறைத்தது. திரையில் நீளமூக்கன் ஊர்ந்து வந்தது. அவன் அதையும் பார்த்தான், என்னையும் பார்த்தான்.

"சத்தமில்லாத வண்டிக்கு எவனாச்சும் கை தட்டுவானா? அத்தினி பேரும் தட்டினீங்களே."

இதற்குப் பதில் இருந்தது. கை தட்டியது வண்டிக்கு இல்லை, நீ சொன்னதை ஜோக் என்று நினைத்துத் தட்டினோம், அத்தனை பேரும் சிரித்தது அதற்குத்தான். அதைச் சொன்னால் நம்பியிருப்பான். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவன் தன் போனை நீட்டினான். கார்த்திக் அவன் முகத்தைப் போட்டு, கீழே 'அதே சத்தம்டா!' என்று எழுதி ஸ்டிக்கர் செய்திருந்தான். குழுவில் எதற்கெடுத்தாலும் அதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா? பசங்க எம்மேல எவ்ளோ மரியாத வெச்சிக்கீறானுங்க. பாய் காது காதுதான்னு நெனச்சிகினு இருக்கானுங்க. யார்கிட்டயும் சொல்லிடாத, சரியா?"

சரி என்றேன். அந்தக் கேவலமான ஸ்டிக்கர்தான் அவனிடம் மிச்சமிருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு உண்மையைக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றும் வரவில்லை.

அவன் வீட்டிலிருந்து ஏரிக்கரைப் பக்கம் நடந்து போகிற தூரம்தான். நாங்கள் உட்கார்ந்த இடம் இப்போது எது என்று அடையாளம் சொல்ல முடியாது. ரோடு எங்கள் மேலேயே அகலமாகிவிட்டது. பழைய புத்தகக் கடைக்காரர் இல்லை, இளநீர்க்காரர் இல்லை, பிரஸ் ஷாப் இருந்த இடத்தில் ஏதோ அலுவலகம். இவை போனதற்கெல்லாம் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் ஒன்று என் வாயால் போயிற்று.

அன்று கிளம்பும்போது அவனைக் கொஞ்சம் உற்சாகப்படுத்தலாம் என்று, "ஒரே ஒரு தடவ நீளமூக்கன் போடேன்டா" என்று கேட்டேன். முப்பத்தைந்து வருடத்தில் அவன் ஒரு முறைகூட மறுத்ததில்லை. உதட்டைக் குவித்தான். தொண்டை அசைந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டு தலையாட்டினான்.

"வேணாம்டா. அது இப்போ இடி மாதிரி ஆயிடுச்சு. நான் போடுறது அது இல்ல."