எருமை, மினுக்கி, சீச்சீயார்

அருவருப்பு என்பது மற்றவர்களுக்கு எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி. சீச்சீயாருக்கோ அது பெட்டி படுக்கையோடு வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்ட சொந்தக்காரன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. சம்பளம் வரும் நாளில் மட்டும் அது தலைகாட்டும். மற்ற நாளெல்லாம் அலுவலகத்துக்கு அவர் சீச்சீயார்தான். அந்த 'யார்' என்ற மரியாதை அவருடைய வயதுக்காகவும் சலவை மடிப்புக் கலையாத சட்டைக்காகவும் சேர்த்துக் கொடுத்தது.

கையில் டம்ளரைக் கொடுத்தால் வைரம் வாங்குகிறவர் மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கமாட்டார். விழுந்தாலும் விழுவார், பிடிக்கமாட்டார். விழுந்தும் இருக்கிறார். கல்யாணம் பேசப் போன வீட்டில், போட்ட நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அந்தக் கைக்குட்டையை இரண்டு விரலால் பிடித்து மடித்து, வேறொரு கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். "பையன் எவ்வளவு ஒழுங்கு பாத்தீங்களா" என்று பெண்ணைப் பெற்றவர் உருகிப்போனார். மனிதர்கள் இப்படித்தான் ஏமாறுகிறார்கள்.

அந்தப் பெண், அதாவது அவருடைய மனைவி, ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பவர். அன்றைக்குப் பார்த்த சீழின் நிறத்தைச் சாப்பாட்டு நேரத்தில் ரசனையோடு விவரிப்பார். இவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோவார். அந்த அம்மாளின் வாயிலிருந்து இதுவரை ஒரு 'ச்சீ' வந்ததில்லை. "வீட்டுக்கு வேண்டியதை எல்லாம் அவரே சொல்லித் தீத்துடுறாரு, எனக்கு எங்க மிச்சம் வைக்கிறாரு" என்பார்.

இப்படிப்பட்டவரை விதி கொண்டுபோய் நிறுத்திய இடம் சாக்கடை. நகராட்சியின் வரைபடப் பிரிவில் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு போடுவதற்காகத்தான் அவர் வேலைக்குச் சேர்ந்தார். கம்ப்யூட்டர் வந்து கோடு போடும் வேலையைப் பிடுங்கிக்கொண்டது. கோடு போடத் தெரிந்தவருக்கு அந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும் என்று மேலே யாரோ முடிவு செய்தார்கள். அவர் வாழ்நாளெல்லாம் போட்ட கோடுகள் முக்கால்வாசி சாக்கடைகள்.

அன்றிலிருந்து காலையில் கசடு அள்ளும் லாரியோடு கிளம்ப வேண்டியது. தெருத்தெருவாகச் சாக்கடை மூடியைத் திறக்கச் சொல்லி, கோலை உள்ளே விட்டு, கசடு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டியது. மூடி திறக்கும்போதெல்லாம் ஒரு 'ச்சீ'. கோல் வெளியே வரும்போது இன்னொன்று. கோலின் நுனியில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் கணக்கில்லை.

லாரி ஓட்டுகிறவன் வேறு யாருமில்லை, மனைவியின் கூடப்பிறந்த தம்பி. எதற்கும் முகம் சுளிக்காத குடும்பம் அது. திறந்த சாக்கடைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துத் தின்பான்.

"மாமா, கடலை?"

"ச்சீ, கைய எடுடா!"

"கை கழுவிட்டேன் மாமா."

"எதுலடா கழுவுன?"

அவன் சாக்கடையைப் பார்த்துச் சிரிப்பான். விளையாட்டுக்குத்தான். ஆனால் அன்றைக்குப் பூராவும் சீச்சீயார் அவனிடமிருந்து பத்தடி தள்ளியே நிற்பார்.

இந்த நரகத்தை அவர் தாங்கிக்கொண்டதற்கு ஒரே காரணம் மத்தியானம். குறித்த தாளோடு அலுவலகத்துக்குத் திரும்பி அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதற்கென்று மாடியில் ஒரு சின்ன அறை. ஜன்னலில் காற்று வரும். மூலையில் கை கழுவும் தொட்டி. பூட்டிய இழுப்பறையில் அவருக்கே அவருக்கான சோப்பு. துவைத்த துண்டு போர்த்திய நாற்காலி. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, அந்தத் துண்டின் மேல் சாய்ந்து, ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், அதற்காகத்தான் அவர் உயிர் வாழ்ந்தார். ஏற்றும் வேலை அரை மணியில் முடிந்துவிடும். சாயங்காலம் வரை நீட்டிப்பது அவருடைய திறமை.

அந்த மத்தியானத்தின் தலையில்தான் இடி விழுந்தது. புதிதாக வந்த இன்ஜினியரம்மா அவரைக் கூப்பிட்டு, "இனிமே தாள்ல எழுதி, அப்புறம் இங்க வந்து ஏத்துறதெல்லாம் வேண்டாம் சார். அங்கயே ஏத்திடுங்க. வெளியில எடுத்துட்டுப் போற மாதிரி சின்ன லேப்டாப் ஒண்ணு வாங்கித் தரேன்" என்றார்.

மேஜைமேல் இரண்டு மடிக்கணினிகள் இருந்தன. கடைக்காரர் பார்ப்பதற்காகக் கொடுத்தனுப்பியவை.

"ரெண்டையும் ஒரு வாரம் வெளியில வச்சுப் பாருங்க. எது நல்லாருக்குன்னு நீங்க சொல்றதுதான். நான் ஏசியில உக்காந்துட்டு எதையாவது சொன்னா அது நியாயமா?"

நல்ல மனசுக்காரர்களால் வருகிற துன்பம்போல் வேறெதுவும் இல்லை. சீச்சீயார் இரண்டையும் கைக்குட்டையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார்.

லாரி மச்சினன் பார்த்த மாத்திரத்தில் பெயர் வைத்துவிட்டான். ஒன்று கறுப்பு, தடிமன், மூலைக்கு மூலை ரப்பர் கவசம், தூக்கிக்கொள்ளக் கைப்பிடி. "இது எருமை." இன்னொன்று தாம்பாளம் மாதிரி மெல்லிசு, வெள்ளி நிறம், முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரித் திரை. "இது மினுக்கி."

கறிச் சந்தைக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் பரிசோதனை ஆரம்பமாயிற்று. உச்சி வெயில். மூடியைத் திறந்ததும் வந்த வாடையில் லாரியின்மேல் உட்கார்ந்திருந்த காக்கையே எழுந்து போய்விட்டது. எருமையைத் திறந்தார். அத்தனை வெயிலிலும் எழுத்து ஒவ்வொன்றும் அச்சடித்த மாதிரித் தெரிந்தது. கையுறையோடு தட்டினாலும் வேலை செய்தது. கோலிலிருந்து ஒரு சொட்டு தெறித்து அதன்மேல் விழுந்தது. சீச்சீயார் துள்ளி விலகினார். மச்சினன் வாளித் தண்ணீரை எடுத்து அதன் தலையில் ஊற்றினான். எருமை அசராமல் நின்றது. அதற்கு மூச்சுவிடும் ஓட்டைகூடக் கிடையாது, எல்லாம் அடைப்பு.

"அம்சமா இருக்கு மாமா! இதுக்கு மேல என்ன வேணும்?"

வேண்டாதது என்ன என்று சீச்சீயார் யோசித்துக்கொண்டிருந்தார். இந்த எருமை வந்துவிட்டால் மத்தியானம் போயிற்று. ஜன்னல் போயிற்று, சோப்புப் போயிற்று, துண்டு போயிற்று. காலை முதல் மாலை வரை இந்தக் குழியும் இந்தக் கடலைத் தோலும்தான். அதுபோக அதன் ரப்பர் விசைகள் வேறு மெத்துமெத்தென்று, ஏதோ உயிருள்ள பிராணியின் வயிற்றை அமுக்குவதுபோல் இருந்தன. ச்சீ.

மினுக்கியைத் திறந்தார். திரையில் வானம் தெரிந்தது. காக்கை தெரிந்தது. அவருடைய மூக்கின் உட்புறம், முடி சகிதம், அவர் அதுவரை பார்த்திராத துல்லியத்தில் தெரிந்தது. எழுத்து மட்டும் தெரியவில்லை. இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். ஒன்றும் தெரியவில்லை.

சீச்சீயாரின் முகத்தில் ஒரு தெய்வீக ஒளி பரவியது. வெளியில் எதுவும் தெரியாத மடிக்கணினியை எங்கே வைத்துத்தான் பார்க்க முடியும்? மாடி அறையில் வைத்துத்தான் பார்க்க முடியும். பக்கவாட்டு ஓட்டை வழியாக மினுக்கியின் காற்றாடி ஒரு வெதுவெதுப்பான மூச்சை அவர் கைமேல் விட்டது. உற்சாகத்தில் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. வாழ்க்கையில் அவர் அருவருக்க மறந்த ஒரே சந்தர்ப்பம் அது.

அன்று சாயங்காலம் வீட்டில், விஷயத்தைத் தம்பி மூலம் கேள்விப்பட்டிருந்த மனைவி விசாரித்தார்.

"வெயில்ல ஒண்ணும் தெரியாததப் போயா எடுக்கப் போறீங்க?"

"எடை கம்மி. பாக்க லட்சணமா இருக்கு. எருமைய ஒரு நாள் பூராத் தூக்குனா தோள்பட்டை என்னத்துக்கு ஆகும்?"

"தூக்குறது என் தம்பி. உங்க தோளுக்கு என்ன வந்துச்சு? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, எதுக்கு அது வேணும்?"

"நெஞ்சத் தொடணும்னா கையக் கழுவணும்" என்று எழுந்து போனவர், சோறு ஆறும்வரை கழுவிக்கொண்டிருந்தார்.

வாரம் முடிந்தது. இன்ஜினியரம்மாவின் அறையில் சீச்சீயார் மினுக்கியின் பெருமைகளை அடுக்கினார். கனமில்லை. விசைகள் சுத்தமாகத் தனித்தனியே இருக்கின்றன. ஓர் அலுவலகத்தின் கௌரவத்துக்கும் எருமைக்கும் என்ன பொருத்தம் என்று கேட்டார்.

வாசலில் நின்ற மச்சினனுக்குப் பொறுக்கவில்லை. "மாமா, அதுல வெயில்ல ஒண்ணுமே தெரி..."

சீச்சீயார் சட்டென்று பின்னால் நகர்ந்து அவன் காலை மிதித்தார். காலையில் குழிக்குள் இறங்கி ஏறிய ரப்பர் பூட்ஸ் அது. துடைத்துப் பளபளவென்றிருந்த தன் செருப்பால் அதை மிதித்தார் என்றால், அந்த மத்தியானத்தின்மேல் அவர் வைத்திருந்த பிரியத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்தச் செருப்பை அதற்கப்புறம் அவர் போடவில்லை.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் இன்ஜினியரம்மா. எருமை கடைக்குத் திரும்பியது. மினுக்கி நிலைத்தது. சீச்சீயார் போகிற வழியில் வாசனை தூக்கலான புது சோப்பு ஒன்று வாங்கிக்கொண்டார்.

மினுக்கியோடு போன முதல் நாள். அதே கறிச் சந்தைக் குழி. வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க இன்ஜினியரம்மாவும் வந்திருந்தார். சீச்சீயார் ஒத்திகை பார்த்து வைத்திருந்த முகத்தோடு மினுக்கியைத் திறந்தார். கண்ணைச் சுருக்கினார். உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா இது, வெயில்ல ஒண்ணும் தெரியலையே! நான் வேணும்னா பழையபடி தாள்ல குறிச்சுக்கிட்டு, மத்தியானம் மாடியில வந்து..."

"மாடி ரூம் இப்ப இல்லியே சார்" என்றார் அவர். "நீங்கதான் இனி வெளியிலயே ஏத்தப் போறீங்களேன்னு நேத்தே அத சாக்கடைத் தண்ணி சாம்பிள் வைக்கக் குடுத்துட்டேன். எல்லா வார்டு பாட்டிலும் உங்க மேஜையிலதான் இருக்கு. சிலது மூடி சரியில்லாம ஒழுகுது. நல்லவேளை, நாற்காலில ஒரு துண்டு கெடந்துச்சு, அத வச்சுத் தொடச்சாங்க."

சீச்சீயாருக்குக் காது அடைத்தது. துண்டு என்ற ஒரு சொல் மட்டும் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

"தெரியலன்னா என்ன மாமா? அன்னிக்கு நீங்க எட்டி மிதிச்சீங்களே, அப்பவே புரிஞ்சிக்கிட்டேன். உங்களுக்கு இதுமேல அம்புட்டு ஆசை!" என்று பின்னாலிருந்து மச்சினன் குரல் வந்தது. அதில் கேலி இல்லை. பாசம் இருந்தது. அதுதான் கொடுமை. "நான் ஏற்பாடு பண்ணிட்டேன்."

அள்ளிய கசடு தெருவில் சிந்தாமல் இருக்க லாரியின்மேல் போர்த்துவார்களே, அந்தத் தார்ப்பாயோடு அவன் வந்துகொண்டிருந்தான். தாத்தா காலத்துப் போர்வை மாதிரி மொடமொடவென்று காய்ந்திருந்தது. காயாத இடங்களும் இருந்தன. சீச்சீயார் வாயைத் திறப்பதற்குள் அது விழுந்து அவர் தலையையும் மினுக்கியையும் சேர்த்து மூடிவிட்டது.

உள்ளே கும்மிருட்டு. இருட்டில் மினுக்கியின் திரை முழுநிலவாகப் பிரகாசித்தது. எழுத்தெல்லாம் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. நிரப்ப வேண்டிய படிவத்தின் முதல் கேள்வி, நாற்றம் எப்படி என்பது. இல்லை, லேசாக, கடுமையாக என்று மூன்று கட்டங்கள். தார்ப்பாயின் ஈரப் பகுதி கழுத்தின் பின்புறம் மெதுவாகப் படிந்தது. மினுக்கியின் காற்றாடி குழிக்காற்றை ஒரு பக்கம் உறிஞ்சி, சூடாக்கி, மறுபக்கம் நேராக அவர் முகத்தில் ஊதியது. ஆறின வாடையைச் சுடவைத்துக் கொடுக்கும் ஓர் இயந்திரத்தை உலகத்தில் யாரும் கேட்டு வாங்கியதில்லை. அவர் வாங்கியிருந்தார்.

"தெரியுதா சார்?" என்று வெளியிலிருந்து இன்ஜினியரம்மா கேட்டார்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. ச்சீ என்று ஆரம்பித்து, சொல்லாக முடியாமல் இருமலாகப் போயிற்று.

"நல்லாத் தெரியுதாம்மா" என்று மொழிபெயர்த்தான் மச்சினன். பிறகு தார்ப்பாயைக் கொஞ்சம் தூக்கித் தலையை நுழைத்து, "மாமா, கடலை?" என்றான்.

எருமையை எடுத்திருந்தால் அவர் வெயிலில்தான் நின்றிருப்பார். ஆனால் காற்று இருந்திருக்கும், வானம் இருந்திருக்கும், காக்கை பறந்துபோன பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாவது நின்றிருக்கலாம். ஒவ்வொரு குழியிலும் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்தபடி அவர் அந்தக் கறுப்புக் கைப்பிடியையும் மெத்துமெத்து விசைகளையும், பிரிந்துபோன பெண்டாட்டியை நினைப்பதுபோல் நினைத்துக்கொண்டார்.

பொழுது சாயும்போது வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். மனைவி திறந்தார். அழுகிய புண்ணுக்குள் குனிந்து பார்க்கிற அந்த அம்மாள் ஒரு எட்டு பின்னால் போனார். முந்தானை தானாக மூக்குக்கு ஏறியது.

"ச்சீ!"

அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு அதுவரை சீச்சீயார் ஒருவர்தான் சொந்தக்காரர்.

"அங்கயே நில்லுங்க. வாளில தண்ணி கொண்டாரேன். முதல்ல அந்தச் சனியன வெளியில வைங்க."

"ஆபீஸ் சொத்தும்மா. வெளியில வச்சா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிடுவான்."

"அப்ப நீங்களும் அதுகூட அங்கயே இருங்க."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சீச்சீயார் மடியில் மினுக்கியோடு வாசற்படியில் உட்கார்ந்தார். படியைத் துடைக்கவில்லை. துடைத்தால் படிக்குத்தான் அழுக்கு. அன்றைய கணக்கில் கடைசிக் குழி ஏற்றாமல் பாக்கி இருந்தது ஞாபகம் வர, மினுக்கியைத் திறந்தார்.

வெயில் இறங்கியிருந்தது. திரை நன்றாகவே தெரிந்தது.