மனைவியின் பெயரில் தைத்த குஷன்கள்

கண்டியில் ஒரு காரியாலயத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். வீடு வத்தேகமயில். ஊரடங்கு நாட்களில் பொழுது போகாமல் மனைவியின் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். கல்யாணத்தோடு வந்த மெஷின். அவள் அதைத் தொட்டதே இல்லை. ஃபோனில் வீடியோ பார்த்து குஷன் உறை தைக்கப் பழகினேன். உறையைக் குஷனைவிட ஒரு அங்குலம் சிறிதாக வெட்டினால்தான் கடைச் சாமான் மாதிரி கும்மென்று நிற்கும் என்பதும், மூலையைக் கொஞ்சம் உள்வாங்கித் தைக்காவிட்டால் நாய்க்காதுபோலத் துருத்தும் என்பதும் நிறையத் துணியைக் கெடுத்த பிறகுதான் தெரிந்தது.

கோயில் மாதர் சங்கத் தலைவி ஒருநாள் வீட்டுக்கு வந்தார். முன்னறையின் நீள இருக்கையான செட்டியில் கிடந்த குஷன்களைத் தடவிப் பார்த்து, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்.

“இவதான் தைச்சா” என்று மனைவியைக் காட்டினேன்.

ஆம்பிளை குஷன் தைக்கிறான் என்று கோயிலில் பேச்சு வந்துவிடுமே என்ற பயம். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் பெண்களுக்குத் தைத்துக் காட்டச் சொல்லி அவளுக்கு அழைப்பு வந்தது. உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றாள். நான் கேட்கவில்லை. ஒரு வாரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். பயந்துகொண்டே பழகினாள்.

அன்றைக்கு மெஷினைச் சுமந்துபோய் வைத்தது நான்தான். உறையின் ஒரு பக்கத்தில் இழுத்துத் திறந்து மூடும் சிப்பை அழகாகவே பொருத்தினாள். ஆனால் மற்ற மூன்று பக்கத்தையும் அடிப்பதற்கு முன் சிப்பைப் பாதி திறந்து வைக்க வேண்டும். பதற்றத்தில் மறந்துவிட்டாள். உறை நான்கு பக்கமும் மூடிக்கொண்டது. உட்புறம் வெளியே தெரியத் தைத்ததை வெளிப்பக்கம் திருப்ப வழியில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட சிப்பின் பிடியைத் துணிக்கு மேலாகத் தடவித் தடவிப் பார்த்தாள். முன்வரிசையில் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். அப்படியானால் வீட்டில் இருந்தவை கடையில் வாங்கியவைதானோ என்று இன்னொருத்தி கேட்டாள். மனைவி நிமிர்ந்து, வாசலருகே நின்ற என்னைப் பார்த்தாள்.

நான் குனிந்து ஃபோனைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றுமே இருக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்: “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ங்க.”

அடுத்த வாரம் தலைவியின் வீட்டுக்குத் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதை அன்றைக்கே மண்டபத்தில் சொல்லியிருக்க வேண்டாமா என்று மட்டும் கேட்டார்.

தலைவி கேட்டுக்கொண்டபடி இப்போது மாதம் ஒரு ஞாயிறு மண்டபத்தில் அந்தப் பெண்களுக்கு நான்தான் தைக்கக் கற்றுக்கொடுக்கிறேன். உறையின் ஓரத்தில் பைப்பிங் என்ற உருண்டைக் கரை வைப்பதில் எனக்கு நல்ல பெயர். நான் பயந்த பேச்சு எதுவும் வரவில்லை. யாரும் கேலி செய்யவும் இல்லை. அந்த ஞாயிறுகளில் மனைவி பூசை முடிந்ததும் சமையல் இருக்கிறது என்று நேரே வீட்டுக்குப் போய்விடுகிறாள். மண்டபப் பக்கம் அவள் பிறகு வரவே இல்லை. வா என்று கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை.