உள்ளறைக் கதவைத் திறந்த கை

'உள்ளறை' படத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஒரு மணி நேரம், நம்மவர் ரொறன்ரோவில் எடுத்த பேய்ப்படங்களிலேயே நல்ல சாமான். மிச்சம் கோதாரி. இதை இயக்குநர் அபிஷன் வாசிக்கப் போவதில்லை. இங்கே பிறந்த பெடியன், தமிழ் எழுத்துத் தெரியாது. வாசிக்க வேண்டியவர் இங்கே மில்லிக்கனில் இருக்கிறார். படத்தில் தாயாக நடித்த சந்திரவதனா அக்காவின் தங்கச்சி. பலசரக்குக் கடை வாசலில் கருவாட்டு மணத்தோடு கிடக்கும் எங்கள் இலவசப் பத்திரிகையைக் கிழமை தவறாமல் எடுக்கிறவர். அவருக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சந்திரவதனா அக்கா சென் ஜேம்ஸ் ரவுணில், பாதி நாள் லிஃப்ட் வேலை செய்யாத ஒரு கட்டடத்தில் தனியாக இருக்கிறார். சப்வேயும் பஸ்ஸுமாக ஸ்காபரோவுக்கு வந்து ஒரு ரேக்கவுட் கடையில் இடியப்பம் அவிக்கிறார். வலது புறங்கையில், ஆவி பட்டு வெந்த இடம் வெள்ளையாகத் தழும்பு விழுந்திருக்கிறது. சனி ஞாயிறில் நாடகம், குறும்படம். அழுகிற அம்மா தேவையென்றால் எல்லோரும் அவருக்குத்தான் போன் அடிப்பார்கள். அழுவதெல்லாம் நடிப்பா என்று நான் ஒருமுறை காரமாக எழுதினேன். அடுத்த கிழமை கடையில் கண்டபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி எழுதினது சரிதான். ஆனா அவங்கள் அழத்தானே கூப்பிடுறாங்கள்?"

அவருக்கு ஒரே பிள்ளை, வாகீசன். போரின் கடைசி நாட்களில், விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லி ஆமிக்காரர் அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். தாய் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு தகவலும் இல்லை. இங்கே வந்தும் அவனைப் பற்றிப் பேசும்போது 'இருந்தவன்' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. புருஷன் போனபோது எல்லாக் கிரியையும் ஒழுங்காகச் செய்தவர், பிள்ளைக்கு ஒன்றும் செய்யவில்லை.

செத்தவருக்கு எட்டாம் நாள் படைப்பதை நாங்கள் செலவு என்போம். அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, போட்டோவுக்கு முன்னால் வாழையிலையில் வைத்து, அறையைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். போனவர் வந்து சாப்பிடுவார். கொஞ்ச நேரத்தால் கதவைத் தட்டிவிட்டுத் திறப்பார்கள். அதை ஒருவனுக்குச் செய்தால், அவன் முடிந்தான் என்று பெற்றவளே ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

தங்கச்சி எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். "இனி வரமாட்டான் அக்கா. செலவைச் செய்து விடுங்கோ. பிள்ளை அந்தரிச்சுத் திரியப் போறான்."

"வாயைப் பொத்தடி," என்றிருக்கிறார் அக்கா. "செலவு செய்யிறதெண்டால் எனக்குச் செய்."

அதற்குப் பிறகு அக்கா தங்கச்சி வீட்டுப் படி மிதிக்கவில்லை.

அப்படிப்பட்டவர் இந்தப் படத்துக்கு ஏன் ஒப்புக்கொண்டார்? நானும் கேட்டேன். கதையில் மகன் யூட்சன் கார் விபத்தில் சாகிறான். குடும்பம் புது வீட்டுக்குப் போகிறது, ஒரு அறைக்குள் யாரோ நடமாடுகிறார்கள். "யூட்சன் எண்டு எனக்கு ஆருமில்லைத் தம்பி," என்றார் அக்கா. "வேறை ஆற்றையோ பிள்ளை. எனக்கென்ன?"

நல்லதை நல்லது என்று சொல்லவேண்டும். முதல் ஒரு மணி நேரம் அபிஷன் அவசரப்படவே இல்லை. இசை இல்லை. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் பிடிக்கும் சத்தம், குழாய்க்குள் காற்று வரும் சத்தம், மாடிப்படியில் யாரோ இருந்து எழும்பியது போல ஒரு முனகல், அவ்வளவுதான். தாய் சாப்பாட்டு மேசையில் ஒரு கோப்பை கூடுதலாக வைக்கிறாள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பயமுறுத்தப் பேய் தேவையில்லை, காத்திருக்கிற ஒரு ஆள் போதும் என்று அந்தப் பெடியனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. படத்தின் பலம் முழுவதும் அதுதான், அது முழுவதும் அக்காவின் முகத்தில் இருக்கிறது.

படப்பிடிப்பு நடந்ததும் மில்லிக்கனில் ஒரு வீட்டில்தான். பத்திரிகைக்காரர் வந்து பாருங்கோ என்று அபிஷன் கூப்பிட்டதால் போனேன். ஜன்னல்களுக்குக் கறுப்புக் குப்பைப் பைகளை ஒட்டிப் பட்டப்பகலை இரவாக்கியிருந்தார்கள். காலையில் ஒத்திகை. உள்ளறையில் ஒன்றுமில்லை, வெறும் கார்ப்பெற். அக்கா கதவைத் திறந்து, பேயைக் கண்டதுபோல் கத்திவிட்டுத் திரும்பி, "காணுமோ, இன்னும் கத்தவோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். கமராப் பிள்ளை நிரூபா அதையும் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

பிறகு படையல் சாமான் வந்தது. அலுமினியத் தட்டில் றோல்ஸ், கொத்துரொட்டி.

"செத்தவனுக்குக் கொத்துரொட்டியோடா?" அக்காவுக்குக் கோபம் ஏறிவிட்டது. "உதென்ன பேத்டே பார்ட்டியோ?"

அபிஷன் தலையைச் சொறிந்தான். "எனக்குத் தெரியாது அன்ரி. யூ ஜஸ்ட் டூ இற். உங்கட சொந்த மகனுக்கு எண்டால் என்ன வைப்பீங்களோ, அதையே வையுங்கோ."

அவனுக்கு வாகீசனைப் பற்றித் தெரியாது. நான் வாயைத் திறக்குமுன் அக்கா குசினிக்குப் போய்விட்டார். பிளாசாவில் நண்டு வாங்குவித்தார். முருங்கையிலை போட்டுக் குழம்பு வைத்தார், இடியப்பம் அவித்தார், முட்டைக்கோப்பி அடித்தார். சமையலில் இறங்கினால் அவருக்கு உலகம் தெரியாது. கமரா ஓட, இலையில் ஒவ்வொன்றாகப் பரிமாறினார். கடைசியில் நண்டுக் காலை எடுத்து, பல்லால் கடிக்கத் தேவையில்லாதபடி அகப்பைக் காம்பால் தட்டி உடைத்து உடைத்து வைத்தார். அது திரைக்கதையில் இல்லை. படத்தில் இருக்கிறது, பாருங்கள்.

கதவைச் சாத்தினார். இப்போது சற்று நின்று, தட்டி, திறந்து, கத்தவேண்டும். அவர் நின்றார். தட்டக் கையைத் தூக்கினார், இறக்கினார். பிறகும் தூக்கினார். முகத்தில் அழுகை இல்லை. அழுவதற்குப் பெயர் போன மனுஷி ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் கதவைப் பார்த்தபடி நின்றார்.

"ஓப்பின் இற், அன்ரி," என்றான் அபிஷன் மெதுவாக.

"நான் திறக்கமாட்டன்."

"ஏன்?"

"திறந்தால் அவன் வந்திட்டுப் போயிருப்பான்."

நிரூபா கமராவை நிறுத்தினாள். அக்கா கையைக் கழுவி, கோட்டை மாட்டிக்கொண்டு என் காரில் ஏறினார். வழியில் ஒரு வார்த்தைதான் பேசினார். "நண்டுக் காலை ஏன் தம்பி உடைச்சனான்? சின்னனிலை அவனுக்கு வாய் கிழிஞ்சது எண்டுதானே. இவங்களுக்கேன் நான் அதைக் காட்டினனான்?"

படம் ஒரு ஞாயிறு பின்னேரம் ஸ்காபரோவில் திரையிடப்பட்டது. அக்கா என் பக்கத்தில் இருந்தார். அவர் கதவுக்கு முன் நிற்கும் காட்சியை அபிஷன் வெட்டாமல் அப்படியே வைத்திருந்தான். தியேட்டரில் ஒரு இருமல் இல்லை. பாவி, அந்த இடத்தில் படத்தை முடித்திருந்தால் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். அடுத்த ஷொட்டில் ஒரு கை கதவைத் திறந்தது. புறங்கையில் வெள்ளைத் தழும்பு. உள்ளே இலை, நண்டு, முட்டைக்கோப்பி. இலைக்கு முன்னால் கண் வெளுத்த, கொம்பியூட்டரில் செய்த ஒரு பெடியன் குந்தியிருந்து அள்ளித் தின்றான். சனம் கத்தியது, பிறகு சிரித்தது. அதன்பின் பேய் சுவரில் ஏறுகிறது, பல்ப் வெடிக்கிறது, ஒரு சாமியார் வந்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்துகிறார். அந்தக் கடைசிப் பகுதியை நான் பார்த்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது. பக்கத்துச் சீற் வெறுமையாக இருந்தது.

வெளியே அபிஷனைப் பிடித்தேன். "எட விசரா, ஆரைக் கேட்டு அந்தக் கையை ஒட்டினனி?"

"ஒத்திகையிலை எடுத்தது அங்கிள். பேய் வராட்டி ஆர் பாப்பினம்? இற்ஸ் ஜஸ்ட் ஆன் எடிற்."

வாகீசனைப் பற்றிச் சொன்னேன். அவன் முகம் செத்துப் போனது. ஆனால் படம் விற்றாயிற்று, இனி ஒன்றும் மாற்ற முடியாது என்றான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அக்கா லொபியில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். வலது கையை மடியில் வைத்து, இடது கையால் தழும்பை மூடியிருந்தார்.

"என்ரை கைதான் தம்பி."

"படம்தானே அக்கா," என்றேன்.

"தங்கச்சியும் வந்தவள். பின்னுக்கு இருந்து பாத்திருக்கிறாள். என்னைக் கட்டிப்பிடிச்சு அழுறாள். 'ஒரு மாதிரிச் செய்து முடிச்சிட்டியள் அக்கா, இனிப் பிள்ளைக்கு நிம்மதி' எண்டு. நாளைக்குக் கோயிலிலை ஆத்ம சாந்திப் பூசைக்கும் சொல்லப் போறாளாம்." மூச்சு வாங்கினார். "நீங்கள் எழுதுவியள்தானே? நான் கதவைத் திறக்கேக்கை உள்ளுக்கை ஒண்டுமில்லை. இலை இல்லை, சாப்பாடு இல்லை. வெறும் அறை. உதை எழுதுங்கோ. அவள் உங்கடை பேப்பர் வாசிக்கிறவள்."

படப்பிடிப்பு நாளில் அக்கா வீட்டுக்குப் போன பிறகு, படையல் இருந்த அறையை யார் திறந்தது என்று நிரூபா எனக்குச் சொன்னாள். அதை அக்காவுக்குச் சொல்லவில்லை, இங்கேயும் எழுதமாட்டேன். அது அவருடைய கையில்லை.

தங்கச்சி, நான் அங்கே நின்றவன், கண்ணால் கண்டவன், அதனால் சொல்கிறேன். உங்கள் அக்கா திறந்தபோது அந்த அறையில் கார்ப்பெற்றைத் தவிர ஒன்றுமில்லை. பூசையை நிற்பாட்டுங்கள். வாகீசனுக்கு இன்னும் யாரும் செலவு செய்யவில்லை.