இல்லாத கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்தோரு வருஷமாகத் துணி தேய்ப்பவர் அவர். எல்லோருக்கும் அவர் இஸ்திரிக்காரர். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளைக் கத்திபோல மடிப்பு நிற்கத் தேய்ப்பார். தன் சட்டையைக் கசங்கலோடு மாட்டிக்கொண்டு வருவார்.

ஒரு புதன்கிழமை, கூடத்து ஃபோனை எடுத்தவர் அவர்தான். பக்கத்தில் துணி உலர்த்தும் மிஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. அலுவலகத்துப் பெண் சொன்னதில் “வெள்ளிக்கிழமை பத்து மணி”, “மாடி ஹால்”, “பழைய”, “ஸ்டாஃப் எல்லாரும்” என்று துண்டுதுண்டாகத்தான் காதில் விழுந்தது. பழைய ஸ்டாஃபுக்கு ஏதோ பாராட்டு என்று மிச்சத்தை அவரே நிரப்பிக்கொண்டார். மற்றவர்கள் மனசு நோகக் கூடாதே என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. மறுநாள் அவருக்கு விடுமுறை.

வீட்டில் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. தன் தம்பியின் கல்யாணக் கோட்டை வாங்கிவந்து, தோளைப் பிரித்து, இடுப்பைப் பிடித்து, பகல் முழுக்கத் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். கருநீலம். வெளிச்சம் பட்டால் மினுமினுக்கும்.

வெள்ளிக்கிழமை வாசல் காவலாளி ஆள் தெரியாமல் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். இஸ்திரிக்காரர் திருத்தவில்லை. லேசாகத் தலையை ஆட்டிவிட்டு மாடி ஏறினார்.

ஹாலில் நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். தரையில் நாற்பது பேர். சாயம்போன டீ ஷர்ட், முழங்கால் தேய்ந்த பேன்ட். தீயணைப்புப் பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார்.

“சார், நீங்க மேனேஜ்மென்ட்டா?”

“இல்லீங்க. லாண்டரி.”

ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். துணி மடிக்கும் அக்கா நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டாள்: “என்ன தம்பி, பழைய துணியில வரச் சொல்லி நேத்தும் ஃபோன் பண்ணாங்களே. மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கிறே?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு முந்திக்கொண்டது. “இங்கேருந்து நேரா கல்யாணத்துக்குப் போறேன்க்கா. மச்சினன் பொண்ணுக்கு.”

“அப்ப அவரை விட்டுருங்க சார், கோட்டு அழுக்காயிரும்” என்று அக்காவே பயிற்சியாளரிடம் பரிந்து பேசினாள். இஸ்திரிக்காரர் சுவரோரம் நின்றார். புகையில் மாட்டிக்கொண்டால் தவழ்ந்து வெளியேறுவது எப்படி என்று நாற்பது பேரும் தரையில் ஊர்ந்தார்கள். ஐம்பத்தெட்டு வயது அக்கா, முட்டிவலியோடு, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் ஷூவைத் தாண்டித் தவழ்ந்து போனாள். அவருக்குக் காது மடல்வரை எரிந்தது. ஆனாலும் நகரவில்லை.

வீட்டில், “எல்லாம் நல்லபடியா நடந்துச்சு” என்றார்.

திங்கட்கிழமை தேநீர் நேரத்தில் சலவைக்கூடமே அவரைச் சுற்றி நின்றது. ஜிகினாத் தாள் சுற்றிய சுவர்க் கடிகாரம் ஒன்றை அக்கா நீட்டினாள். “பொண்ணு மாப்பிள்ளைக்குக் குடுத்துரு தம்பி.” மேலே ஒட்டிய சீட்டில் எல்லார் பெயரும் இருந்தது. கடைசியில், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத கூட்டுகிற பெண்ணின் பெயர். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்காமல் எப்படி இருப்பது?

பீரோவுக்கு மேலே ஒளித்துவைத்ததை மனைவி மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். மென்று முழுங்கி, ஒன்று விடாமல் சொன்னார். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் சீட்டிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“கோட்டு நல்லாயிருக்குன்னு ஒருத்தராவது சொன்னாங்களா?” என்றாள்.



மறுநாள் கடிகாரத்தைக் கொண்டுபோய் மடிப்பு மேஜையில் வைத்தார். “கல்யாணமே இல்ல. விழான்னு நெனைச்சுப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். வெக்கத்துல பொய் சொல்லிட்டேன். எல்லாரும் மன்னிச்சுக்குங்க.”

மிஷின் ஓட்டுபவர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் வெளியே போனார். அக்கா சிரிக்கவில்லை.

“ஏன் தம்பி, எங்ககிட்டயா வெக்கம்? உன் கோட்டுக்கு இப்படின்னா, தரையில ஊர்ந்த நாங்க எவ்வளவு வெக்கப்படணும்?”

அடித்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

“கடையில திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. இங்கயே மாட்டு” என்றாள்.

இஸ்திரி மேஜைக்கு எதிர்ச்சுவரில்தான் ஆணி இருந்தது. அவரே ஏறி மாட்டினார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இது யார் கொடுத்தது என்று கேட்டால், “நாங்க எல்லாரும் சேர்ந்து வாங்கினது” என்பாள் அக்கா. அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த நேரங்களில் இஸ்திரிக்காரர் ஏற்கெனவே தேய்த்து முடித்த கோட்டையே இன்னொரு முறை தேய்த்துக்கொண்டிருப்பார்.